பழைய பஜேரோவும் பாலைமணலும்: வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஒரு பழைய மிட்சுபிஷி பஜேரோ விலைக்கு வருகிறது. அதை வாங்கி மணல்மேடுகளில் ஓட்டப் பழகலாமா, இந்தப் பொழுதுபோக்கில் பல ஆண்டு ஊறியவர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியைப் பற்றிய கேள்வியாக எழுதியிருந்தாலும், சம்பளம், உடம்பு, வார விடுமுறை ஆகிய மூன்றிலும் இது எவ்வளவு பிடுங்கிக்கொள்ளும் என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துப் போகலாமா, ஊர் திரும்பிய பிறகும் இதைத் தொடர முடியுமா என்று கடைசி இரண்டு வரிகளில் கேட்டிருப்பதும் அந்தக் கவலையின் பகுதியே. ஆகவே வண்டியின் விலை நியாயமா என்பதை விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

நான் படிப்பால் இயந்திரப் பொறியாளன். பிழைப்பு கனரக வண்டிகளின் பராமரிப்பு. அமீரகத்தின் மணலில் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன், அதிலும் பெரும்பகுதி, வரிசையாகப் போகும் குழுவில் ஸ்வீப் எனப்படும் கடைசி வண்டியில். வழிகாட்டும் முதல் வண்டிக்காரர் புதிய நிலத்தைப் பார்க்கிறார் என்றால், கடைசி வண்டிக்காரர் தமக்கு முன்னால் போகும் எல்லாருடைய தடுமாற்றங்களையும் பார்க்கிறார்; நான் சொல்லப் போகிறவற்றில் பாதி அந்த இருக்கையிலிருந்து பார்த்தவை. ராஸ் அல் கைமாவின் மலைப் பாதைகளிலும் ஹஜர் மலையின் பாறை ஓடைகளிலும் என் அனுபவம் சொற்பம். அவற்றைப் பற்றி என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

நேராகச் சொல்வதென்றால், இந்தப் பொழுதுபோக்கில் கழியும் காலத்தின் பெரும்பகுதி வண்டிக்கு வெளியேதான் கழிகிறது. காற்றை இறக்குவது, காத்திருப்பது, மணலைத் தோண்டுவது, கயிறு கட்டுவது, மறுபடி காற்றை ஏற்றுவது, வீட்டுக்கு வந்து வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவது ஆகியவை சேர்ந்துதான் ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுதை நிரப்புகின்றன. இவற்றில் சலிப்பு வராத ஆள் பல ஆண்டு நீடிக்கிறார். வண்டி மேட்டில் தாவும் படத்துக்காக மட்டும் வருகிறவர் ஒரு பருவம் தாண்டுவதில்லை. பருவம் என்றால் இங்கே ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கோடையிலும் போகிறவர்கள் உண்டு, ஆனால் 45 பாகை வெயிலில் ஒரு வண்டியைத் தோண்டி எடுப்பது பொழுதுபோக்கு அல்ல. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை விடியற்காலைதான் வழக்கம். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றி, ஷார்ஜா வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் ஆக்கிய பிறகு பயணங்களும் நாள் மாறிவிட்டன. ரமலான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகு இரவில் ஓட்டுவதும் வழக்கம்; விளக்கொளியில் மேட்டின் மறுபக்கம் தெரியாது என்பதால் அது தொடக்கக்காரருக்கு உரியதல்ல.

தார்ச்சாலை முடியும் இடத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்திக் குந்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். வால்வு மூடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான்கு டயரிலும் சீறும் ஒலியோடு காற்று இறங்குவதைக் கேட்டபடி ஒவ்வொருவரும் அளவுமானியை வைத்து எடுத்துப் பார்க்கிறார்கள். பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கி, ஒட்டகத்தின் பாதம்போல டயர் நிலத்தில் அகன்று உட்கார்கிறது. சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்த டயர் இங்கே 15க்கு வருகிறது. இது ஏன் வேலை செய்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஆட்களோடு 2,200 கிலோ எடையுள்ள வண்டி ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய 550 கிலோவை இறக்குகிறது. அதை 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தாங்க நிலத்தில் சுமார் 225 சதுர சென்டிமீட்டர் படிந்தால் போதும். 15 பிஎஸ்ஐயில் 520 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையான எண்கள் சற்று மாறும், ஆனால் படியும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. அந்தக் கூடுதல் பரப்பில் பெரும்பகுதி அகலத்தில் அன்றி நீளத்தில்தான் கிடைக்கிறது, ஆகவே கொஞ்சம் குறுகிய டயர் உள்ள வண்டிக்காரர் கவலைப்படத் தேவையில்லை. புதைந்து தவிக்கும்போது 12க்கும், வேறு வழியே இல்லாதபோது 10க்கும் இறக்குவதுண்டு. அதற்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

காற்றைக் குறைக்கும் இந்த வழக்கம் வளைகுடாவில் பிறந்ததல்ல. எகிப்தில் பணியாற்றிய ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், 1920களின் பிற்பகுதியிலிருந்து தம் விடுப்பு நாட்களில் நண்பர்களோடு ஃபோர்டு மாடல் டி, பின்னர் மாடல் ஏ வண்டிகளில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்வந்தார். டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைக் கொடுப்பது, காந்த ஊசியை வண்டியின் இரும்பு திசைதிருப்பிவிடும் என்பதால் நிழலை வைத்துத் திசை பார்க்கும் சூரியத் திசைகாட்டி, ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு கலத்தில் பிடித்துக் குளிரவைத்து மறுபடி நீராக்குவது என இன்றைக்கும் பேசப்படும் பல உத்திகள் அவருடைய குழு சோதித்து நிலைநிறுத்தியவை. அந்த இரும்புத் தகடுகளை முதலில் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்தார்கள். விடுமுறைப் பொழுதுபோக்காகத் தொடங்கியது அவரை மணலின் இயற்பியலுக்குள் இழுத்துக்கொண்டுபோனது. காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்பது பற்றி அவர் 1941இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். இரண்டாம் உலகப் போரில், 1940இல், பாலைவனத்தில் நெடுந்தூரம் ஊடுருவும் படைப்பிரிவு ஒன்றை அமைத்தவரும் அவரே. இந்த வரலாறு தெரியாமலும் வண்டி ஓட்டலாம் என்றாலும், இங்கே ஒருவர் பிளாஸ்டிக் மணல்தட்டை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு வரும்போது அது கெய்ரோவின் பழைய இரும்புக் கடை வரைக்கும் போகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சாய்வு குறைந்தும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் தளர்வாகச் சரிந்து கிடக்கும். அமீரகத்தில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வீசுவதால், பெரும்பாலான இடங்களில் சரிவு முகம் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்திருக்கும். இது தெரிந்தால், போகும்போது எளிதாக ஏறிய மேட்டைத் திரும்பி வரும்போது ஏன் ஏற முடியவில்லை என்பது புரிந்துவிடும். உலர்ந்த மணல் சுமார் 34 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்காது, அதற்கு மேல் செங்குத்தானால் தானே சரிந்துவிடும். இங்கே ஒரு சின்ன இடைச்செருகல்: அபுதாபியின் தெற்கே லிவாவில் உள்ள தல் மொரீப் மேட்டைப் பற்றி 300 மீட்டர் உயரம், 50 பாகைச் சாய்வு என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. உயரத்தைப் பற்றி நான் வாதாடவில்லை, ஆனால் 50 பாகையில் உலர் மணல் நிற்பதற்கு இயற்பியல் இடம் தராது. நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது 50 என்று நம்புவீர்கள் என்பது வேறு விஷயம்.

ஓட்டும் முறையை எழுத்தில் கற்க முடியாது, எனவே உயிரோடு தொடர்புள்ளவற்றை மட்டும் சொல்கிறேன். முகட்டை எப்போதும் நேர்குத்தாக அணுக வேண்டும். உச்சியை எட்டும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மூக்கு மறுபக்கம் சாயும் அளவுக்கு வேகம் மிஞ்சினால் போதும். மறுபக்கம் தெரியாமல் வேகத்தோடு தாண்டுகிறவர் கீழே நிற்கும் வண்டியின் மேலோ ஆளின் மேலோ இறங்குவார். நீண்ட கம்பியில் கொடி கட்டச் சொல்வது இதற்காகத்தான். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாமல் முதல் கியரில் நேராக இறங்க வேண்டும். பின்பக்கம் ஒருபுறம் இழுத்தால், அது இழுக்கும் திசைக்கே ஸ்டியரிங்கைத் திருப்பி மெல்ல வேகம் கொடுத்து வண்டியை நேராக்க வேண்டும். பதற்றத்தில் பிரேக் போடுகிறவர்தான் உருள்கிறார். ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால், இங்கே அதை ரிஃப்யூசல் என்பார்கள், வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். சரிவின் நடுவில் வண்டியைத் திருப்பப் பார்ப்பது, நான் கண்ட கவிழ்தல்களில் பெரும்பாலானவற்றின் காரணம். வண்டியின் நிலைப்படுத்தும் மின்னணு அமைப்புகளை மணலில் அணைத்துவிட வேண்டும். சக்கரம் சுழல்வதைப் பார்த்ததும் அவை எஞ்சினின் வேகத்தைப் பறித்துவிடும், அந்த வேகம்தான் உங்களை மேட்டில் ஏற்ற வேண்டியது.

கடைசி வண்டியிலிருந்து மிக அடிக்கடி காணும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மேடுகளுக்கு நடுவே கிண்ணம்போன்ற பள்ளத்தில் ஒருவர் வேகம் இழக்கிறார். வண்டி நின்றது தெரிந்ததும் அவருடைய வலது கால் தானாக அழுந்துகிறது. நான்கு சக்கரமும் மணலை வாரிப் பின்னால் வீச, பத்து நொடிக்குள் அச்சு மூழ்கி, வண்டியின் வயிறு மணலில் தட்டி உட்கார்ந்துவிடுகிறது. இப்போது சக்கரங்கள் எடையைத் தாங்கவில்லை, வயிறுதான் தாங்குகிறது. எந்த எஞ்சினாலும் இனிப் பயனில்லை. காலை எடுத்திருந்தால் பின்னோக்கி ஓரடி வந்து தம் தடத்திலேயே மீண்டிருப்பார். அதன்பின் செய்வது பொறுமை சார்ந்த வேலை. மண்வாரியால் சக்கரத்துக்குப் பின்னால் மட்டுமல்ல, வயிற்றுக்கு அடியிலும் கையை விட்டு மணலை வாரி வெளியே தள்ள வேண்டும். மேல்மணல் சூடாக இருக்கும், ஒரு சாண் ஆழத்தில் குளிர்ந்து ஈரமாக இருக்கும், வாரிய பள்ளத்தில் பாதி மறுபடி சரிந்து வந்து நிரப்பும். நான்கு பேர் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் முடியும். தனியாக இருந்தால் மதியமாகிவிடும், அதனால்தான் தனி வண்டியில் மணலுக்குள் போகாதீர்கள் என்று எல்லாரும் சலிக்காமல் சொல்கிறார்கள்.

தோண்டியும் வராத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் வேளை, இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது. இழுகயிற்றில் இரண்டு வகை உண்டு: நீளாத பட்டை ஒன்று, நீண்டு சுருங்கும் நைலான் கயிறு மற்றொன்று. இரண்டாவது வகை தன் நீளத்தில் 30 விழுக்காடு வரை நீண்டு, முன்வண்டியின் வேகத்தைத் தனக்குள் சேமித்துப் பின்வண்டியைப் பிடுங்கி எடுக்கிறது. கொக்கி அறுந்தாலோ வண்டியிலிருந்து பிய்ந்தாலோ அந்தச் சேமிப்பு முழுவதும் அந்த இரும்புத் துண்டை ஆளைக் கொல்லும் வேகத்தில் வீசிவிடும். ட்ரெய்லர் இழுக்கும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டக் கூடாது, அது இப்படிப்பட்ட வெட்டிழுப்புக்குச் செய்யப்பட்டதே அல்ல. உலகெங்கும் இதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சட்டகத்தோடு இணைந்த, எடைமதிப்பு குறித்த இழுவளையத்தில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது ஓட்டுநர் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விலகி நிற்க வேண்டும். படம் எடுக்கிறேன் என்று கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் அன்பர்களை விரட்டுவதும் கடைசி வண்டிக்காரரின் வேலைதான். டயர் ரிம்மை விட்டுக் கழன்றால், வண்டியைப் பலகையின் மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, விளிம்பில் புகுந்த மணலைத் துடைத்து, டயரைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிக் கம்ப்ரஸரால் காற்று அடித்தால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். எரிவாயுவைப் பீய்ச்சித் தீ வைத்து உட்காரவைக்கும் வித்தையைச் சிலர் காட்டுவார்கள். கைதட்ட ஆள் இருக்கும், ஆனால் செய்யாதீர்கள்.

உறுதியில்லாதவையும் இந்த உலகத்தில் நிறைய உலவுகின்றன. சிவந்த மணல் மென்மையானது, வெளுத்த மணல் இறுகியது என்பார்கள். உள்நாட்டு மணலின் சிவப்புக்கு இரும்பு ஆக்சைடும், கடற்கரையோர மணலின் வெளுப்புக்குச் சிப்பித் துகள்களும் காரணம் என்பது சரி. ஆனால் ஒரு மேடு இன்றைக்கு மென்மையாக இருக்குமா என்பதை நேற்றைய காற்றும் இன்றைய ஈரமும் தீர்மானிக்கின்றன. பனி இறங்கிய குளிர்காலக் காலையில் ஏறிய மேட்டை அதே நாள் நண்பகலில் ஏற முடியாமல் போவது இதனால்தான். டயரின் பற்கள் முரடாக இருந்தால் மணலுக்கு நல்லது என்பதும் அப்படித்தான்: மணலில் காற்றழுத்தம் முதன்மை, பற்கள் இரண்டாம்பட்சம், முரட்டுப் பற்கள் சில வேளை மணலைத் தோண்டவே உதவும். நான்கு சக்கர இயக்கத்தில், விசை கூடிய லோ கியரில் ஓட்டுவதா, வேகம் கூடிய ஹையில் ஓட்டுவதா என்பதில் அனுபவசாலிகளே பிரிந்து நிற்கிறார்கள். எஞ்சினின் திறன், மேட்டின் உயரம், ஓட்டுபவரின் பழக்கம் மூன்றையும் பொறுத்தது என்பதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மணலில் ஓட்டினால் வண்டியின் ஆயுள் பாதியாகும் என்று உங்களை யாரோ பயமுறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேய்மானம் கூடும் என்பது நிச்சயம், பாதி என்ற கணக்கு வாய்க்கு வந்தது.

பஜேரோவைப் பொறுத்தவரை, அது மோசமான தேர்வு அல்ல. மிட்சுபிஷி அதன் தயாரிப்பை 2021இல் நிறுத்திவிட்டாலும் அமீரகத்தில் ஏராளமாக ஓடுவதால் உதிரிபாகம் கிடைப்பதில் இப்போதைக்குச் சிரமம் இல்லை; முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி, சூப்பர் செலக்ட் எனப்படும் அதன் நான்கு சக்கர இயக்க அமைப்பிலேயே இருக்கிறது; நிஸான் பேட்ரோலின் வலிமையோ டொயோட்டா எஃப்ஜே குரூஸரின் பிடிமானமோ இல்லாததால் வேகத்தை முன்கூட்டியே கணக்குப்போட்டு ஓட்டக் கற்றுக்கொடுக்கும். வாங்குமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, வடிகட்டிக்கு அப்பால், எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்சுவரில் விரலைத் தடவுங்கள். அங்கே மணல் நெருடினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். முன் பம்பருக்குப் பின்னுள்ள குறுக்குச் சட்டம் வளைந்திருக்கிறதா, ரேடியேட்டரின் பிடிப்புகள் விரிசல் கண்டிருக்கின்றனவா, ரிம்களின் உள்விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்பவை அந்த வண்டி எத்தனை மேடுகளின் அடிவாரத்தில் மூக்கை இடித்தது என்பதைச் சொல்லிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் எண்ணெய் கருகிய வாடை அடித்தால் அது மணலில் சூடேறி ஓடியிருக்கிறது என்று பொருள். அடிப்பாகத்தின் இடுக்குகளில் மணல் இருப்பதை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டாம், இந்த நாட்டில் அது எல்லா வண்டியிலும் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை மக்கள் அஞ்சுவது பெட்ரோலுக்கு. சாலையில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரத்தில் பாதியோ அதற்கும் கீழோதான் மணலில் கிடைக்கும் என்பது உண்மை, ஆனாலும் ஒரு காலைப்பொழுதில் கடக்கும் தூரம் குறைவாதலால் அது தாங்கக்கூடிய செலவு. ஆளை அமிழ்த்துவது இரண்டு விஷயங்கள். முதலாவது, மற்றவர் வண்டியைப் பார்த்துச் சஸ்பென்ஷன், பம்பர், விளக்கு என்று மாற்றத் தொடங்குவது. பெரிய மாற்றங்களுக்கு முன் அனுமதி பெறாவிட்டால் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கும் சோதனையில் வண்டி நின்றுவிடும். தொடக்கத்துக்கு அளவுமானி, தரமான கம்ப்ரஸர், மண்வாரி, கயிறு, அதை மாட்ட ஷேக்கிள் எனப்படும் இரும்புக் கொளுவி இரண்டு, தீயணைப்பான், கொடி ஆகியவை போதும். இரண்டாவது, காப்பீடு. சாலைக்கு வெளியே ஏற்படும் சேதம் பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும், அல்லது தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். விளம்பரத் தாளைப் படித்து நிம்மதியடையாமல் ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். மோதிய சேதத்தைச் சரிசெய்ய இங்கே எந்தப் பட்டறையும் காவல்துறை அறிக்கை கேட்கும் என்பதையும், அது பாலைவனத்தில் நசுங்கிய பம்பருக்கும் பொருந்தும் என்பதையும் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள்.

இடத்தைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் திறந்த மணல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. வேலி தெரிந்தால் அது ஒட்டகப் பண்ணையோ காப்பிடமோ, எதுவானாலும் விலகிப் போக வேண்டும். துபாயின் பாலைவனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. பிக் ரெட் எனப்படும் பெயர்பெற்ற மணல்மேட்டுக்கு அருகே உள்ள ஃபாயா மலைப் பகுதி 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காஃப் மரம் இந்த நாட்டின் தேசிய மரம்; அதன் நிழலில் வண்டியை நிறுத்தலாம், வேருக்கு மேல் ஏற்றலாகாது. சப்கா என்னும் உப்புத் தளத்தை மேட்டைக் காட்டிலும் கூடுதலாக அஞ்ச வேண்டும்: மேலே வெளுத்த ஓடு இறுகித் தெரியும், அதற்கு அடியில் நிலத்தடி உப்புநீர் ஊறிய சேறு இருக்கும், உடைந்து உள்ளே போனால் காற்றைக் குறைப்பதாலோ சக்கரத்தைச் சுழற்றுவதாலோ எதுவும் ஆகாது. மழை நாளில் வாடிகளுக்குள், அதாவது மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஓடைகளுக்குள், இறங்கிப் பார்க்கும் ஆசை வந்தால் சட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். 2023இல் வந்த திருத்தத்தின்படி வெள்ளம் ஓடும் வாடிக்குள் நுழைந்தால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, குழு. மலையாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ, ஆங்கிலேயர், எகிப்தியர் எல்லாரும் ஒரே வானொலி அலைவரிசையில் ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசிக்கொள்ளும் உலகம் அது. நல்ல குழுவை அடையாளம் காண்பது எளிது: காற்று இறக்கும் இடத்தில் உங்கள் வண்டியின் இழுவளையத்தைக் குனிந்து பார்க்கிறார்களா, உங்களைத் தொடக்கநிலைப் பயணத்தில் மட்டும் சேர்க்கிறார்களா, முன்னால் போகிறவர் பின்வண்டி வரும் வரை நிற்கிறாரா என்று பாருங்கள். முதல் நாளே பெரிய மேட்டுக்கு அழைத்துப் போகும் குழு, நீங்கள் கவிழ்ந்தாலும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். வளைகுடாவின் இயல்பு இங்கேயும் உண்டு. உங்கள் வண்டியை எத்தனையோ முறை இழுத்துக் காப்பாற்றியவர் ஒரு நாள் விசா முடிந்து, வண்டியை விற்றுவிட்டு, தம் மண்வாரியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் இடத்துக்கு வருகிற புதியவருக்குக் காற்றை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது சலிப்பாகத் தோன்றினால் குழுவில் பல ஆண்டு தாக்குப்பிடிப்பது கடினம்.

ஊர் திரும்பினால் இது தொடருமா என்பதற்கு, இதே உருவில் தொடராது என்பதே பதில். தமிழ்நாட்டின் கடற்கரை மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகின்றன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம். அங்கே இந்தப் பொழுதுபோக்கு தனியார் நிலங்களில் சேற்றிலும் பாறையிலும்தான் நடக்கிறது. அதற்கு வேண்டிய திறமையும் வண்டியும் வேறு. பஜேரோவைக் கப்பலில் ஏற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

மனைவியையும் மகளையும் அழைத்துப் போகலாம், முதல் சில பயணங்களில் அல்ல. தொடக்கநிலைப் பயணம் ஒன்றைப் பதற்றமில்லாமல், இறக்கத்தில் பிரேக்கைத் தேடாமல் முடிக்கும் நிலை வந்த பிறகு, குழுவே குடும்பங்களுக்கென்று வைக்கும் சமதளப் பயணங்களில் தொடங்குங்கள். மேட்டின் அடிவாரத்தில் வண்டி தட்டி இறங்கும் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்குப் போகிறது. முதுகு வட்டுத் தொல்லை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் வரக் கூடாது என்பது பொதுவான நடைமுறை, உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். மகளுக்கு அவளுடைய உயரத்துக்கு ஏற்ற இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது மணலிலும் கூடாது. காலை உணவு எளிமையாக இருக்கட்டும். பின்னிருக்கையில் கைபேசி பார்க்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது மேட்டிலேயே குமட்டும், தொலைவில் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் அடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, குளிர்பெட்டி, ஜாக்கி, தீயணைப்பான், கம்ப்ரஸர் ஆகியவற்றைப் பின்பகுதியில் பட்டை போட்டு இறுகக் கட்டுங்கள். வண்டி கவிழும்போது காயம் ஏற்படுத்துவது பல வேளைகளில் உள்ளே பறக்கும் சாமான்தான்.